துப்பாக்கி செய்கிற ஊர், துப்பாக்கி கேட்காத ஊர்

துப்பாக்கிச் சட்டம் இன்னும் இறுக வேண்டுமா என்று கேட்டால் திருச்சியும் ஸ்ரீரங்கமும் உடனே தலையாட்டும். யாருக்கு இறுக வேண்டும் என்று அடுத்துக் கேட்டால்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் முதலில் கீரனூர் வரும், பிறகு நார்த்தாமலை. பஸ்ஸில் போனால் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. 2021-ஆம் ஆண்டின் கடைசி ஆறு வாரங்களில் இந்தச் சாலையை ஒட்டி இரண்டு சம்பவங்கள் நடந்தன. துப்பாக்கியைப் பற்றி இந்த வட்டாரத்து மனசு என்ன நினைக்கிறது என்பதற்கு வேறு கருத்துக்கணிப்பு தேவையில்லை.

நவம்பர் 21, விடியாத நேரம். திருச்சி நவல்பட்டு போலீஸ் ஸ்டேஷனின் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் ரோந்தில் இருந்தார். ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களைப் பார்த்தார். விடாமல் துரத்தி, மாவட்ட எல்லையும் தாண்டி, கீரனூர் அருகே மடக்கினார். அங்கேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். துக்கம் விசாரிக்கத் திருச்சிக்கு வந்தார் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு. இரவு ரோந்து போகிற போலீஸார் துப்பாக்கி எடுத்துச் செல்ல வேண்டும், தற்காப்புக்குத் தேவைப்பட்டால் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்றார். அந்த வாரம் திருவெறும்பூர் டீக்கடைகளில் அதற்கு மறுபேச்சு இல்லை. ஆடு திருடன் அரிவாளோடு வருகிறான், போலீஸ்காரர் வெறுங்கையோடு போவதா என்பதுதான் பேச்சு.

டிசம்பர் 30. நார்த்தாமலை அருகே துப்பாக்கி சுடும் தளத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி. தளத்துக்கு வெளியே, ஊருக்குள், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூரில் சிகிச்சை பலனின்றி அவன் இறந்தான். ஊர் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். தளத்தையே மூடு என்றார்கள்.

முதல் சம்பவத்தில் “துப்பாக்கியைக் கொடு” என்ற அதே வட்டாரம், இரண்டாவதில் “துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போ” என்றது. முரண்பாடு மாதிரித் தெரியும். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான். யார் கையில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது, தவறினால் யார் பதில் சொல்வது?

நவல்பட்டில் ஒரு தொழிற்சாலை, தேவராயநேரியில் ஒரு காலனி

அந்தக் காவல் அதிகாரி வேலை பார்த்த நவல்பட்டுக்கு இன்னோர் அடையாளம் உண்டு. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. சீனப் போரின் காயம் ஆறாத 1960-களில் திட்டமிடப்பட்டு, 1966-இல் இயங்கத் தொடங்கிய ஆலை. ராணுவத்துக்கான இன்சாஸ் ரைஃபிள், கையெறி குண்டு வீசும் லாஞ்சர் என்று பலவும் இங்கே உருவாயின. ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ என்று ஊர்ப் பெயரையே தாங்கிய துப்பாக்கியும் இங்கிருந்துதான் போனது. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களானபோது, இந்த ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் போயிற்று. ஊழியர் சங்கங்கள் எதிர்த்துப் போராடியது ஊருக்குத் தெரியும். திருவெறும்பூர் வட்டாரத்தில் தாத்தா, அப்பா, மகன் மூவரும் அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் உண்டு. பகலெல்லாம் துப்பாக்கியின் உறுப்புகளைத் தொட்டுத் தொட்டுக் கை மரத்துப்போனவர்கள், சாயங்காலம் கேட்டைத் தாண்டும்போது உடலைச் சோதித்துத்தான் வெளியே விடப்படுவார்கள். வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வாங்கி வைக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கிருந்து துவாக்குடி பக்கம் சில கிலோமீட்டர் போனால் தேவராயநேரி. நரிக்குறவர் காலனி. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பகிரங்கமாகத் தெருவில் நடந்த சாமானியர்கள் இவர்கள் மட்டுமே. குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரோ துணியோ திணித்து, ஈயக் குண்டுகளைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. ஒருமுறை சுட்டால் அடுத்த முறைக்குள் கொக்கு ஊர் தாண்டியிருக்கும். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாயிற்று. துப்பாக்கிக்கு வேலை போயிற்று. தோளில் ஊசிமணி பாசிமணி ஏறியது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நடைமுறைக்கு வர 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரே தாலுகா. ஒரு முனையில் துப்பாக்கி செய்து சம்பளம் வாங்குகிறவர்கள், இன்னொரு முனையில் துப்பாக்கி போனதால் பிழைப்பு போனவர்கள். கட்டுப்பாடு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அது எல்லோர் தோளிலும் ஒரே எடையாக விழுவதில்லை.

சட்டப்புத்தகம் சொல்வது

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை அல்ல, அனுமதி. இது தற்செயலாக வந்ததும் அல்ல. 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று எழுதியிருந்தார்கள். ஆயுதச் சட்டத்தால் ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கியதை ஆங்கில ஆட்சியின் பெரும் பாவமாகக் காந்தியே சொன்ன காலம் அது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை, குற்றமே தொழிலாகக் கொண்டவனுக்கும் அந்த உரிமை போய்விடும் என்றார். திருத்தம் தோற்றது. காந்தி பெரெட்டா கைத்துப்பாக்கிக்குப் பலியாகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. 2023-இல் கள்ளத் துப்பாக்கி வழக்கொன்றை விசாரித்த உச்ச நீதிமன்றமும் அமெரிக்காவோடு ஒப்பிட்டு இதையே நினைவூட்டியது.

1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும்தான் இன்றைய நடைமுறை. 21 வயது ஆகியிருக்க வேண்டும், போலீஸ் விசாரணை அறிக்கை வர வேண்டும், பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர் விண்ணப்பித்தால் மாநகர போலீஸ் கமிஷனர் முடிவு செய்வார். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி நம்பர் 1 டோல்கேட் போய்விட்டால் அதிகாரம் கலெக்டருடையது. 2019 டிசம்பரில் வந்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மத்திய அரசு முதலில் நினைத்தது ஒன்று. வடக்கே எழுந்த எதிர்ப்பில் அது இரண்டாயிற்று. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற பிரிவும் அப்போதுதான் வந்தது. இங்கே மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரமும் ஆயிரம்வாலாவும் போதும் என்பதால் அந்தப் பிரிவைப் படித்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வடக்கே சிரிப்பதற்கில்லை. 2016 டிசம்பர் முடிய நாடு முழுக்க இருந்த துப்பாக்கி லைசென்ஸ்கள் சுமார் 33.69 லட்சம். அதில் உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,500 சொச்சம். 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வகுத்தால், அங்கே ஏறக்குறைய 156 பேருக்கு ஒரு லைசென்ஸ், இங்கே 3,200 பேருக்கு ஒன்று. அங்கே துப்பாக்கி வீட்டு அந்தஸ்து. இங்கே பக்கத்து வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்றால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

பெரியப்பாவின் ரெட்டைக்குழல்

நான் கிட்டத்தில் பார்த்த லைசென்ஸ் துப்பாக்கி ஒன்றே ஒன்று. துறையூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் பெரியப்பாவுக்குக் கடலையும் மரவள்ளியும் போட்ட காடு இருந்தது. பன்றித் தொல்லைக்காகப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் வாங்கிய ரெட்டைக்குழல். பன்றியை அவர் சுட்டதில்லை. மார்கழிப் பனியில் பரண்மேல் உட்கார்ந்து, புதர் அசைந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான். மறுநாள் காலை காலித் தோட்டாவை எடுத்துப் பித்தளை மூடியைத் துடைத்து டப்பாவில் போடுவார். ஒவ்வொரு தோட்டாவுக்கும் லைசென்ஸ் புத்தகத்தில் கணக்கு உண்டு என்பார்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை நானும் கூடப் போனேன். கிழிந்த வேட்டியில் சுற்றி, சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு போனார். கான்ஸ்டபிள் குழலை மடக்கி உள்ளே குண்டு இல்லை என்று பார்த்தார். அடிப்பக்கத்தில் குத்தியிருந்த நம்பர் தேய்ந்துபோயிருந்தது. சுண்ணாம்பைத் தடவித் துடைத்து, டார்ச் அடித்து, ஒவ்வோர் எண்ணாகப் படித்து ரிஜிஸ்தரில் எழுதினார். ஓர் அட்டையில் பெயர் எழுதிச் சணலால் கட்டினார். அந்த ரசீது ரேஷன் கார்டு உறைக்குள் போயிற்று. தேர்தல் முடிந்து திரும்ப வாங்க மூன்று தடவை அலைந்தார். “திருடன் மாதிரி கைகட்டி நிக்கணும்டா” என்று வழியெல்லாம் புலம்பினாலும், ஒரு தேர்தலிலும் அவர் தாமதித்ததில்லை.

இது பழைய கதையும் அல்ல. 2024 மக்களவைத் தேர்தலில் மார்ச் 16 அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-இலேயே வாக்குப்பதிவு முடிந்தாலும், முடிவுக்கு ஜூன் 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வங்கிக் காவலர், துப்பாக்கி சுடும் வீரர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. மற்றவர்களின் துப்பாக்கிகள் இப்படித்தான் அட்டை கட்டிக்கொண்டு ஸ்டேஷன் அறையில் சாய்ந்து கிடந்தன.

பெரியப்பா போன பிறகு வாரிசுகள் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கலாம். பெங்களூரில் இருக்கும் மகன்கள் இருவரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே துப்பாக்கி ஒப்படைக்கப்பட்டது. பெரியம்மாவுக்கு அதில் நிம்மதி. பன்றிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அந்தப் பன்றிகளுக்கு அரசு 2025 தொடக்கத்தில் ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கும் அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். துப்பாக்கி விவசாயி கைக்கு வரவில்லை. விவசாயிகள் பலர் கேட்டதும் துப்பாக்கியை அல்ல, நஷ்டஈட்டையும் கூப்பிட்ட நேரத்துக்கு வரும் ஆளையும்தான்.

கோட்டைச் சுவரில் ஒட்டியது

துப்பாக்கிக் கட்டுப்பாடு இந்த ஊருக்கு நேற்று வந்த விஷயம் அல்ல. 1752-இல் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபின் ஆட்களும் ஸ்ரீரங்கம் தீவுக்குள் அரணமைத்து உட்கார்ந்தார்கள். ரங்கநாதர் கோயில் மதில்களே அவர்களுக்குக் கோட்டை. ஜூனில் ஆங்கிலேயத் தளபதிகளான லாரன்ஸ், ராபர்ட் கிளைவ் படைகளிடம் அவர்கள் சரணடைந்து ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1801 ஜூன் 16 தேதியிட்ட சின்ன மருதுவின் போர் அறைகூவல் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அந்தக் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்களின் ஆயுதங்களைப் பறிக்கவும் உத்தரவிட்டது. எட்வர்ட், ராபர்ட் கிளைவின் மகன். அப்பா ஸ்ரீரங்கத்தில் எதிரிப் படையின் ஆயுதத்தை வாங்கினார், மகன் தெற்குச் சீமையின் ஆயுதத்தையே வாங்கினார்.

ஆயுதம் வேண்டும் என்ற குரலும் இங்கிருந்து எழுந்ததுதான். வரகனேரியில் 1881-இல் பிறந்த வ.வே.சு. ஐயர், லண்டன் இந்தியா ஹவுஸ் வழியாகப் புதுச்சேரிக்கு வந்து இளைஞர்களுக்குக் கைத்துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுத்தார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் அவரிடம் பயின்றவர். ஐயரோடு லண்டனில் இருந்த இன்னொருவர் ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் உப்பு யாத்திரை திருச்சியில் அவர் வீட்டிலிருந்துதான் புறப்பட்டது. ஐயரும் பின்னாளில் அகிம்சை வழிக்கே வந்து சேர்ந்தார். துப்பாக்கியா ராட்டையா என்ற விவாதத்தைத் தனக்குள்ளேயே நடத்தி முடித்த ஊர் இது.

அரசின் கையிலிருக்கும் துப்பாக்கி வேறு பாடம் சொன்னது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் ரயில்வே தொழிலாளர்கள் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் பொன்மலை சங்கத்திடலில் செங்கொடி ஏறுகிறது. 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு 1946 பழைய கதையாகப் படவில்லை.

அரிவாள் கணக்கு

கட்டுப்பாடு பலன் தந்ததா? 2021 செப்டம்பரில் தமிழ்நாடு போலீஸ் மாநிலம் முழுக்க ரவுடிகள் வீடுகளில் நடத்திய அதிரடிச் சோதனை நல்ல அளவுகோல். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பிடிபட்ட ஆயுதங்கள் 1,117. அதில் நாட்டுத் துப்பாக்கி ஏழு. மற்றதெல்லாம் கத்தியும் அரிவாளும். அதன் பிறகுதான் பட்டறைக்காரர்கள் அரிவாள் வாங்க வருகிறவரின் பெயரையும் போன் நம்பரையும் குறித்துவைக்கச் சொல்லப்பட்டார்கள்.

இந்த எண்ணுக்கு இரண்டு பொருள் உண்டு. துப்பாக்கி கிடைக்காதவன் அரிவாள் எடுக்கிறான், ஆகவே சட்டத்தால் என்ன பயன் என்பார்கள் சிலர். இன்னொரு பொருள் இது: அரிவாளோடு வருகிறவனால் ஓர் ஆளைத்தான் துரத்த முடியும். துப்பாக்கியோடு வகுப்பறைக்குள் நுழைகிறவன் கணக்கு வேறு. இதை எனக்குப் புரியவைத்தவர்கள் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் இருக்கும் தாத்தா பாட்டிகள். பாதிப் பேருக்குப் பேரக்குழந்தைகள் அமெரிக்காவில். ஆறு மாதம் போய் இருந்துவிட்டு வந்தவர்கள், அங்கே ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடப் பள்ளியில் விளக்கை அணைத்து, மூலையில் சத்தம் போடாமல் உட்காரும் பயிற்சி செய்வதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிடுகிறது. பசங்க சம்பாதிக்கிற நாடு என்று பெருமைப்படுகிற அதே வாய், இந்த ஒரு விஷயத்தில் நம்ம ஊரே தேவலை என்கிறது.

விளையாட்டுக்காக வேண்டும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது, கே.கே. நகர் பக்கம் போக்குவரத்தே நின்றது. பக்கத்துப் புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் டிராப் பிரிவில் சுட்டார். கிளப்புக்குள் பூட்டிவைத்து, கணக்கெழுதி, பயிற்சியாளர் கண்முன்னால் சுடுவதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. வைகுண்ட ஏகாதசிக் கடைகளில் பலூன் சுடும் ஏர்கன்னுக்கு லைசென்ஸ் கேட்கவும் இல்லை. குறைந்த திறன் உள்ளவற்றுக்கு விதிகளே விலக்குத் தருகின்றன.

யாருக்கு இறுக வேண்டும்

மலைக்கிராமத்தில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபட்டால் இன்றைய சட்டத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறை. தருமபுரிப் பக்கமும் கல்வராயன்மலையிலும், ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீஸ் அறிவித்தபோதெல்லாம் இரவோடு இரவாக ஊர்ப் பொது இடத்தில் துப்பாக்கிகளை வைத்துவிட்டுப் போனார்கள் மக்கள். கேட்கிற விதத்தில் கேட்டால் கொடுத்துவிடுகிற ஜனம் இது. ஆகவே இன்னும் கடுமையான தண்டனை என்பதைவிட, அந்தப் பொதுமன்னிப்பைத் தவறாமல் வருஷா வருஷம் அறிவிப்பதும், பன்றிக்கும் மயிலுக்கும் உரிய நஷ்டஈட்டை அறுவடைக்குள் கொடுப்பதும் அதிகத் துப்பாக்கிகளைக் கீழே இறக்கும் என்பது என் கட்சி.

இறுக வேண்டிய இடம் வேறு. லைசென்ஸ் மறுத்தால் எழுதிய காரணம் வேண்டும். சிபாரிசில் கிடைக்கிற லைசென்ஸ் நிற்க வேண்டும். ரோந்துக்குப் போகிற போலீஸ்காரருக்குத் துப்பாக்கியோடு முறையான பயிற்சியும், சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் பெரியப்பா கொடுத்த மாதிரி ஒரு கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கு பயிற்சித் தளத்துக்கும் வேண்டும்.

மணப்பாறைப் பக்கம் அணியாப்பூர் வீரமலைப்பாளையத்தில் ஒரு துப்பாக்கி சுடும் தளம் இருக்கிறது. பயிற்சி நடக்கும் நாள்களுக்கு முன்பு கலெக்டர் அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வரும். திருச்சிப் பதிப்புச் செய்தித்தாள்களில் உள்பக்கத்தில், நான்கு வரியில். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பொதுமக்கள் நடமாடக் கூடாது, ஆடு மாடுகளை ஓட்டி வரக் கூடாது என்று இருக்கும். ஆடு மேய்ப்பவர் என்ன செய்யக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. அன்று சுடப்போகிறவர் என்ன செய்யக் கூடாது என்ற ஐந்தாவது வரியைத்தான் நார்த்தாமலைக்குப் பிறகு இந்த ஊர் தேடிக்கொண்டிருக்கிறது.